உமிழ்நீரில் உள்ள கொழுப்பு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் தீவிரத்தைக் காட்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் ஒரு மரபணு நோய். அது உள்ள பிள்ளைகளுக்கு ஊசி என்பது அடிக்கடி வருகிற தொல்லை. அதனால்தான் "ரத்தம் வேண்டாம், கொஞ்சம் உமிழ்நீர் போதும்" என்று எங்காவது படித்ததும் பெற்றோருக்கு ஆசை வந்துவிடுகிறது. அந்த ஆசையில் தவறே இல்லை. உமிழ்நீரின் கொழுப்பில் இந்த நோயின் தடம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தடத்தை மட்டும் நம்பி ஒரு பிள்ளையின் மருந்தை மாற்றும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வதற்காக இந்தப் பக்கம்.

இந்த நோய் எதனால் வருகிறது?

7ஆவது குரோமோசோமில் சிஎஃப்டிஆர் என்றொரு மரபணு இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் அதன் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால் நோய் வருகிறது. ஒன்று மட்டும் பழுதாக இருப்பவர் கடத்துபவர். அவருக்கு நோய் இல்லை. லாப்-சீ சூயி, ஃபிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் 1989இல் இந்த மரபணுவைக் கண்டறிந்தன. இது உருவாக்கும் புரதம், செல்லின் மேற்பரப்பில் குளோரைடும் பைகார்பனேட்டும் கடந்து செல்லும் வழி. அந்த வழி சரியாக இயங்காவிட்டால் உடலின் சுரப்புகள் நீர்ப்பதம் குறைந்து கெட்டியாகின்றன. நுரையீரலில் சளி தேங்கிக் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்தின் குழாய்கள் அடைபட்டு, செரிமான நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை.

நுரையீரல் நோய்க்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்?

முதல் சம்பந்தம் எல்லோரும் அறிந்தது. கணைய நொதி இல்லையென்றால் உணவிலுள்ள கொழுப்பு செரிக்காது. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு போகும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேராது, எடை ஏறாது. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் லினோலெயிக் அமிலம் (உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய ஒரு கொழுப்பு அமிலம்) குறைவாக இருப்பது 1960களின் தொடக்கத்திலேயே பதிவானது. செரிமானக் கோளாறின் விளைவுதான் அது என்று நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. கணையம் ஓரளவு நன்றாக வேலை செய்கிற நோயாளிகளிடமும், நொதி மாத்திரை எடுத்து எடை ஏறியவர்களிடமும்கூட அதே குறைபாடு தென்பட்டது. சிஎஃப்டிஆர் மரபணுவை நீக்கிய எலிகளை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வில், கணையம், நுரையீரல், சிறுகுடல் ஆகியவற்றின் செல் சவ்வுகளில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கூடியும், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வகையான டிஹெச்ஏ குறைந்தும் காணப்பட்டன. 2004இல் அதே வழியில் மனிதர்களின் மூக்கு, மலக்குடல் திசுக்களைப் பார்த்தார்கள். அங்கேயும் அராகிடோனிக் அமிலத்துக்கும் டிஹெச்ஏவுக்கும் உள்ள விகிதம் நோயாளிகளிடம் உயர்ந்திருந்தது.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று: நோயே இல்லாத கடத்துபவர்களின் மூக்குத் திசுவில் இந்த விகிதம் நோயாளிகளுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் நடுவில் இருந்தது. கடத்துபவருக்குச் செரிமானக் கோளாறு கிடையாது. எனவே பழுதான மரபணுவே கொழுப்பு அமிலக் கணக்கைக் குலைக்கிறது என்று கருத வலுவான காரணம் கிடைத்தது. பிறகு செல் வளர்ப்பு ஆய்வுகளில், லினோலெயிக் அமிலத்தை அராகிடோனிக் அமிலமாக மாற்றும் டெல்டா-5, டெல்டா-6 டிசாச்சுரேஸ் நொதிகள் இந்தச் செல்களில் கூடுதலாக வேலை செய்வதையும் கண்டார்கள்.

அராகிடோனிக் அமிலம் கூடுவதால் என்ன கெடுதல்? அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பலவற்றுக்கு அதுதான் மூலப்பொருள். அதிலிருந்து உருவாகும் லூக்கோட்ரையீன் பி4, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை நுரையீரலுக்குக் கூட்டம் கூட்டமாக இழுத்து வருகிறது. அவை வெளியிடும் எலாஸ்டேஸ் நொதி மூச்சுக்குழாய்ச் சுவரை அரிக்கிறது. கொழுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கி நுரையீரலில் வந்து நிற்பது இப்படித்தான்.

இதெல்லாம் ரத்தத்திலேயே தெரியும் என்றால், உமிழ்நீர் எதற்கு?

ஊசி இல்லை என்பது ஒரு காரணம். அதைச் சிறிய காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சிறு குழந்தையின் கையில் நரம்பு தேடி மூன்று இடத்தில் குத்துவதைப் பார்த்த எவரும் சொல்லமாட்டார்கள். உமிழ்நீரை வீட்டிலேயே எடுக்கலாம், அடிக்கடியும் எடுக்கலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ரத்தத்தின் கொழுப்பு அமிலங்கள் நேற்றும் முந்தாநாளும் சாப்பிட்டதைப் பெரிதும் ஒட்டியே இருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியோ சிஎஃப்டிஆர் புரதத்தைத் தானே பயன்படுத்துகிற உறுப்பு. நோய் நேரடியாகத் தொடும் திசு ஒன்றிலிருந்து வெளிவரும் திரவம் அது. ரத்தம் சொல்லாததை அது சொல்லக்கூடும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

உமிழ்நீரில் கொழுப்பு இருக்கிறதா என்ன?

இருக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். உமிழ்நீரில் 99 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். 100 மில்லிலிட்டர் எடுத்தால் அதில் கொழுப்பு மில்லிகிராம் கணக்கில்தான் கிடைக்கும். கொலஸ்ட்ரால், கொலஸ்ட்ரால் எஸ்டர், டிரைகிளிசரைடு, தனிக் கொழுப்பு அமிலங்கள் ஆகியவை பெரும்பங்கு. செல் சவ்வுகளில் உள்ள கொழுப்பான பாஸ்போலிப்பிட் சிறு பங்கு.

எங்கிருந்து வருகிறது என்பதுதான் சிக்கலான கேள்வி. உமிழ்நீர் பல ஆறுகள் வந்து சேரும் கூடுதுறை. சுரப்பிகள் சுரந்தது, ரத்தத்திலிருந்து கசிந்தது, கன்னத்தின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த செல்களின் சவ்வு, வாயில் வாழும் பாக்டீரியாக்களின் சவ்வு, பல்லிடுக்கில் தங்கிய உணவு, இவற்றோடு இந்த நோயாளிகளிடம் நுரையீரலிலிருந்து இருமி வந்த சளி. குழாயில் சேர்ந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று தானாகத் தெரியாது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் மாறுவது உறுதியா?

உறுதி. தாடைக்குக் கீழுள்ள சுரப்பியின் உமிழ்நீர் இந்த நோயாளிகளிடம் கலங்கலாக இருப்பதும், அதில் கால்சியமும் புரதமும் கூடியிருப்பதும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவை. அந்தச் சுரப்பியின் உமிழ்நீரைத் தனியாகச் சேகரித்து 1982இல் வெளியான ஆய்வு, நோயாளிகளிடம் மொத்தக் கொழுப்பு ஆரோக்கியமானவர்களைவிட அதிகமாக இருந்ததைக் காட்டியது. காதுக்குக் கீழுள்ள பரோடிட் சுரப்பி பெரும்பாலும் நீர்த்த உமிழ்நீரைத் தருவது. கீழ்த்தாடைச் சுரப்பியோ கோழையும் நீரும் கலந்து தருவது. நாம் சும்மா இருக்கும்போது வாயில் ஊறும் நீரில் அதன் பங்குதான் பெரிது. கெட்டியான சுரப்பே சிக்கலாக இருக்கும் நோயில் கோழை கலந்த சுரப்பியில் மாற்றம் தெளிவாகத் தெரிவது பொருத்தமாகவே இருக்கிறது.

நோயின் "தீவிரம்" என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரே எண்ணில் அடங்குவதல்ல அது. அதிகம் பயன்படுவது எஃப்இவி1: முழு மூச்சு இழுத்து, பலமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்றின் அளவு. வயது, உயரம், பாலினத்துக்கு ஏற்ற எதிர்பார்ப்பில் இது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். 70க்கு மேல் லேசானது, 40க்குக் கீழ் கடுமையானது, இடையில் நடுத்தரம் என்பது வழக்கமான பிரிப்பு. இதோடு ஆண்டுக்கு எத்தனை முறை நுரையீரல் தொற்று முற்றியது, சூடோமோனாஸ் கிருமி நிலையாகக் குடியேறிவிட்டதா, கணையம் வேலை செய்கிறதா, நீரிழிவு வந்துவிட்டதா, கல்லீரல் எப்படி, எடையும் உயரமும் எப்படி என்பதும் சேரும்.

இங்கேதான் புதிய அளவுகோலின் தேவை வருகிறது. ஐந்தாறு வயதுக்கு முன்னால் குழந்தையால் எஃப்இவி1 அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஒழுங்காக ஊத முடியாது. ஊதும் வயது வந்த பிறகும், சிறிய மூச்சுக்குழாய்கள் கெடத் தொடங்கிய நிலையில்கூட எஃப்இவி1 இயல்பாகவே இருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் நுரையீரல் கழுவுத்திறன் குறியீடு (உள்ளே இருக்கும் ஒரு வாயு வெளியேற எவ்வளவு மூச்சு தேவைப்படுகிறது என்ற கணக்கு) போன்ற சோதனைகள் வந்தன. உமிழ்நீர்க் கொழுப்பு பயன்பட வேண்டிய இடமும் அதுவே. எஃப்இவி1 ஏற்கெனவே 35 சதவீதமாக இருக்கும் ஒருவரிடம் "உமிழ்நீரும் தீவிரம் என்கிறது" என்று சொல்லி ஆவதென்ன?

எந்தெந்தக் கொழுப்புகளைத் தேடுகிறார்கள்?

முதலில் லினோலெயிக் அமிலம், டிஹெச்ஏ, அராகிடோனிக் அமிலம், இவற்றின் விகிதங்கள். அடுத்து மீட் அமிலம்: அத்தியாவசியக் கொழுப்பு அமிலம் போதாதபோது உடல் தானே தயாரித்துக்கொள்ளும் மாற்று இது. ரத்தத்தில் மீட் அமிலத்துக்கும் அராகிடோனிக் அமிலத்துக்கும் உள்ள விகிதம் 0.2ஐத் தாண்டினால் குறைபாடு என்று கொள்வது வழக்கம். அந்த 0.2 ரத்தத்துக்கான வரம்பு. அதை உமிழ்நீருக்குப் பொருத்தக் கூடாது.

மற்றொரு வகை, சிதைவின் தடங்கள். அழற்சியில் கிளம்பும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொழுப்பு அமிலங்களைத் தாக்கும்போது மாலன்டையால்டிஹைடு, ஐசோபுரோஸ்டேன் போன்றவை மிஞ்சுகின்றன. நோயாளிகள் வெளிவிடும் மூச்சைக் குளிர்வித்துச் சேகரித்த நீரில் 8-ஐசோபுரோஸ்டேன் கூடியிருந்ததை ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள். செராமைடு, பாஸ்போலிப்பிட் ஆகிய சவ்வுக் கொழுப்புகளின் வகைகளும், மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் அடையாளம் காணும் இன்றைய நிறைநிறமாலைக் கருவிகளில் நூற்றுக்கணக்கில் ஒரே ஓட்டத்தில் அளக்கப்படுகின்றன. நூற்றுக்கணக்கில் அளந்தால் ஏதாவது சில தற்செயலாகவே நோயின் தீவிரத்தோடு ஒத்துப்போகும். அதனால் ஒரு குழுவில் கண்டதை வேறொரு புதிய குழுவில் மீண்டும் காட்டும்வரை அதைக் கண்டுபிடிப்பு என்று ஏற்கக் கூடாது.

கொழுப்பு மாறுவது நோய் முற்றுவதற்குக் காரணமா, விளைவா?

இரண்டு திசையிலும் பாதை இருக்கிறது. அராகிடோனிக் அமிலம் அழற்சியைக் கூட்டும் என்று பார்த்தோம். எதிர்த்திசையில், நுரையீரல் தொற்று முற்றிய பிள்ளைக்குப் பசி குறையும், மூச்சு விடுவதற்கே கலோரி செலவாகும், அழற்சியே கொழுப்பு அமிலங்களைத் தின்னும். ஒரே நாளில் பலரை அளந்து பார்த்த ஆய்வால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, கொழுப்பு முதலில் மாறியதா, மூச்சுத்திறன் முதலில் சரிந்ததா என்று பார்க்க வேண்டும். தீவிரத்தை அளக்க மட்டும் என்றால் விளைவாக இருந்தாலும் பரவாயில்லை. முன்கூட்டியே எச்சரிக்க வேண்டுமென்றால் அது முதலில் மாறியே ஆக வேண்டும்.

மாதிரியை எப்படி எடுக்க வேண்டும்?

எளிதாகத் தோன்றும் வேலை இது. ஆய்வின் தலைவிதி தீர்மானமாவதும் இங்கேதான்.

சாப்பிட்டு, பல் துலக்கி, குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு தலையைக் குனிந்து, நாக்கை அசைக்காமல், வாயில் ஊறுவதைத் தானாகக் குழாயில் வடியவிட வேண்டும். துப்பச் சொன்னால் தொண்டையைச் செருமுவார்கள்; செருமினால் சளி வரும். பஞ்சுச் சுருளை வாயில் வைத்து எடுப்பது சில சோதனைகளுக்குச் சரி, கொழுப்புக்குச் சரியல்ல. பஞ்சு கொழுப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காலையில் மூச்சுப் பயிற்சி செய்து சளி வெளியேற்றிய உடனே எடுக்கக் கூடாது. இருமல் அடங்கி வாய் சுத்தமான பிறகே எடுக்க வேண்டும்.

குழாயை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். உமிழ்நீரில் லிப்பேஸ் நொதி இருக்கிறது. அறை வெப்பத்தில் விட்டால் அது குழாய்க்குள்ளேயே டிரைகிளிசரைடுகளை உடைத்துக்கொண்டிருக்கும். தனிக் கொழுப்பு அமிலம் கூடியிருக்கிறது என்று பிறகு அறிக்கையில் வரும். உண்மையில் கூடியது குழாய் மேசையில் கிடந்த நேரம். சுழற்றிப் பிரித்து, மேலிருக்கும் தெளிந்த நீரை மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். டிஹெச்ஏ போன்றவை காற்றில் எளிதில் கெடும் என்பதால் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் ஒன்றையும் சேர்ப்பதுண்டு.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?

குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்த கரைப்பானை உமிழ்நீரோடு சேர்த்துக் குலுக்குவார்கள். ஃபோல்ச் 1957இலும், பிளையும் டையரும் 1959இலும் தந்த முறைகள்தான் இன்றும் அடிப்படை. சுழற்றி எடுத்ததும் கண்ணாடிக் குழாயில் இரண்டு அடுக்கு தெரியும். மேலே மெத்தனாலும் நீரும். கீழே குளோரோஃபார்ம், அதில்தான் கொழுப்பு. இரண்டுக்கும் நடுவே வெள்ளையாகப் புரதம் ஒரு வட்டத் தகடுபோல் படிந்திருக்கும். அந்தத் தகட்டைக் கலைக்காமல், மெல்லிய கண்ணாடிப் பிப்பெட்டைப் பக்கச் சுவரை ஒட்டி இறக்கி, அடியிலுள்ளதை மட்டும் உறிஞ்ச வேண்டும். உமிழ்நீரில் கோழை அதிகமென்றால் தகடு தடிமனாகி இழுத்துக்கொண்டு வரும். இந்த நோயாளிகளின் மாதிரிகளில் அது அடிக்கடி நேர்வது. பிறகு நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கரைப்பானை ஆவியாக்குவார்கள். அடியில் மிஞ்சுவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு மெல்லிய படலம். அதை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக மாற்றி, கலவையின் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராஃபியிலோ, நேராகத் திரவ குரோமட்டோகிராஃபியும் நிறைநிறமாலையும் இணைந்த கருவியிலோ அளப்பார்கள்.

பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தினால் குளோரோஃபார்ம் அதிலிருந்தே பொருள்களைக் கரைத்துக்கொண்டு வரும். பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற கொழுப்பு அமிலங்கள் கையுறை, சோப்பு, தூசு என்று எல்லாவற்றிலும் உண்டு. இவ்வளவு குறைந்த கொழுப்புள்ள திரவத்தில் அந்த அழுக்கு பெரிய பங்காகிவிடும். மாதிரியே இல்லாத வெற்றுக் குழாயையும் அதே வழியில் செலுத்திப் பார்க்காத ஆய்வை நான் நம்புவதில்லை.

அறிக்கையில் சதவீதமாகப் போட்டிருக்கிறார்கள். அது சரியா?

இந்தக் கேள்வியில் நின்று நிதானிக்க வேண்டும். பல முடிவுகள் இங்கேதான் வழி தவறுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மாதிரியில் மொத்தக் கொழுப்பு அமிலம் 100 மைக்ரோகிராம், அதில் லினோலெயிக் 10 என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை 10 சதவீதம் என்கிறது. அதே பிள்ளையிடம் இன்னொரு நாள் எடுத்த மாதிரியில் கொஞ்சம் சளி கலந்துவிட்டது. நுரையீரலின் உட்பரப்பைப் பூசியிருக்கும் சர்ஃபேக்டன்ட் பொருளில் பால்மிட்டிக் அமிலம் மிக அதிகம். அதிலிருந்து 50 மைக்ரோகிராம் சேர்ந்தது என்று கொள்வோம். லினோலெயிக் இன்னும் அதே 10தான். ஆனால் மொத்தம் 150 ஆகிவிட்டதால் அறிக்கை 6.7 சதவீதம் என்று காட்டும். பிள்ளையின் உடலில் லினோலெயிக் அமிலம் ஒரு துளியும் குறையவில்லை.

இதில் மறைந்திருக்கும் ஆபத்தைப் பாருங்கள். நுரையீரல் எவ்வளவு மோசமோ அவ்வளவு சளி வரும். சளி எவ்வளவு வருகிறதோ அவ்வளவு உமிழ்நீரில் கலக்கும். ஆகவே "நோய் முற்ற முற்ற உமிழ்நீரின் லினோலெயிக் குறைகிறது" என்ற அழகான வரைபடம் கிடைத்துவிடும். அது சுரப்பியைப் பற்றி எதுவுமே சொல்லாமல், இருமலை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்! சாதாரணக் கலப்படம் முடிவை மங்கலாக்கும். இந்தக் கலப்படமோ தீவிரத்தோடு கூடவே ஏறி இறங்குவதால், இல்லாத தொடர்பை இருப்பதுபோல் காட்டும்.

தப்பிக்க வழி உண்டு. ஒப்பிட்டு அளப்பதற்காகத் தெரிந்த அளவில் ஒரு பொருளை (அகத் தர அளவுப் பொருள்) மாதிரியில் சேர்த்து, சதவீதத்தோடு உண்மையான அளவையும் கொடுக்கலாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் உமிழ்நீர் ஊறியது என்பதையும் குறிக்கலாம். சர்ஃபேக்டன்டின் முக்கியக் கொழுப்பான, இரட்டைப் பால்மிட்டிக் கொண்ட பாஸ்பாட்டிடில்கோலின் அதிகமுள்ள மாதிரியில் சளி கலந்ததாகக் கருதி ஒதுக்கலாம். சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கே உரிய 3-ஹைட்ராக்சி கொழுப்பு அமிலங்களைத் தேடலாம். ஈறிலிருந்து ரத்தம் கசிந்ததா என்று அறிய, ரத்தத்தில் நிறைய இருக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைப் பார்க்கலாம். ஒரு ஆய்வு இவற்றில் எதையுமே செய்யவில்லை என்றால் அதன் முடிவைத் தள்ளிவைத்தே படியுங்கள்.

தீவிரத்தோடு "குறிப்பிடத்தக்க தொடர்பு" இருப்பதாக ஒரு ஆய்வு சொன்னால், அது எவ்வளவு வலுவானது?

தற்செயலாக வந்திருக்குமா என்று மட்டும் சொல்லும் பி-மதிப்பைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் தொடர்புக் கெழு 0.5 என்று இருந்தால், எஃப்இவி1இல் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 25 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது. மீதி 75 வேறெங்கோ இருக்கிறது. குழுவின் சராசரியைப் பேச அது போதும். உங்கள் பிள்ளை ஒருத்தியைப் பற்றிப் பேசப் போதாது. வயதையும் மரபணு மாற்றத்தின் வகையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தொடர்பு நிற்கிறதா என்று தேடிப் பாருங்கள். வயது ஏற ஏற நுரையீரல் திறன் குறையும். ஈறு நோய் போன்ற வாயின் மாற்றங்களும் கூடும். வயது ஒன்றே இரண்டையும் சேர்த்து ஆட்டியிருக்கலாம்.

இதை வைத்து நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாமா?

கூடாது. அதற்கு வியர்வைச் சோதனை இருக்கிறது. நோயாளிகளின் வியர்வையில் உப்பு மிகுவதை மருத்துவர் டி சான்ட்'அக்னீஸ் 1953இல் காட்டினார். பைலோகார்பின் கொண்டு வியர்க்க வைத்து அளக்கும் முறையை கிப்சனும் குக்கும் 1959இல் தந்தார்கள். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோயை உறுதிசெய்கிறது, 30க்குக் கீழ் என்றால் வாய்ப்பு குறைவு, இடையில் இருந்தால் மரபணுச் சோதனை உதவும். இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்த சோதனையை மாற்றவேண்டிய காரணம் எதுவும் இல்லை. உமிழ்நீரின் உப்பும் நோயாளிகளிடம் கூடுகிறது. ஆனால் உமிழ்நீர் ஊறும் வேகத்தைப் பொறுத்து அது மாறுவதால் வியர்வைக்கு ஈடாகாது.

மீன் எண்ணெய் கொடுத்து டிஹெச்ஏவை உயர்த்தினால் நோய் குறையுமா?

எலிகளிடம் டிஹெச்ஏ கொடுத்தபோது சவ்வுக் கோளாறு சீரானது உண்மை. மனிதர்களிடம் ஒமேகா-3 கொடுத்த ஆய்வுகளில் ரத்த அளவு ஏறியது. நுரையீரல் நலம் உறுதியாகக் கூடியது என்று சொல்லத்தக்க சான்று சேரவில்லை. உங்கள் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்லாமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உமிழ்நீர் ஆய்வுக்குப் போகும்போது கட்டாயம் தெரிவியுங்கள். எண்ணெயில் கரைத்த வைட்டமின் சொட்டுகளுக்கும் இதே பேச்சுதான்.

புதிய மாடுலேட்டர் மருந்துகள் எடுப்பவர்களுக்கு இந்த அளவீடு பொருந்துமா?

ஐவாகாஃப்டர் 2012இல் வந்தது. எலெக்சாகாஃப்டர், டெசாகாஃப்டர், ஐவாகாஃப்டர் மூன்றும் சேர்ந்த மருந்து 2019இல் வந்தது. இவை பழுதான சிஎஃப்டிஆர் புரதத்தையே சீராக்க முயல்பவை. எடை ஏறுகிறது, சளி குறைகிறது, சிலருக்கு ரத்தக் கொலஸ்ட்ராலும் உயர்கிறது. எனவே இந்த மருந்துகளுக்கு முந்தைய காலத்து ஆய்வுகளில் கண்ட உமிழ்நீர் அளவுகளை இன்றைய நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது.

அதே சமயம் இந்தத் துறைக்குக் கிடைத்த மிக நல்ல வாய்ப்பும் இதுதான். மருந்து தொடங்கும் முன் ஒரு மாதிரி, தொடங்கிய பின் வாரங்கள் கழித்து ஒரு மாதிரி என்று அதே ஆளிடம் எடுக்கலாம். அவரே அவருக்கு ஒப்பீடு. கொழுப்பு மாற்றத்தின் வேர் மரபணுப் பழுதில்தான் என்றால் மருந்து அதைத் திருத்த வேண்டும். சளி குறைந்துவிடுவதால் முன்பு சொன்ன கலப்படமும் குறையும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: சளி குறைந்ததாலேயே எண்கள் மாறியிருக்கலாம். அதையும் பிரித்துக் காட்டுகிற ஆய்வு வந்தால் நான் மகிழ்ச்சியோடு என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

என் பிள்ளையை இப்படி ஒரு ஆய்வில் சேர்க்கக் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம், வலி இல்லை, ஆபத்து இல்லை. இந்த மாதிரிகள் சேராமல் துறை நகராது. சேர்க்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். ஒரே ஒரு முறை எடுக்கிறார்களா, ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்களா? மூச்சுப் பயிற்சிக்கு முன்னா பின்னா? அதே நாளில் ரத்தமும் எஃப்இவி1உம் பார்க்கிறார்களா? மிஞ்சிய மாதிரியை என்ன செய்வார்கள், மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும்? நேர்மையான குழு இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

உமிழ்நீர்க் கொழுப்பு அறிக்கை ஏற்கெனவே கையில் இருக்கிறது. "தீவிரம்" என்று போட்டிருக்கிறது. இப்போது என்ன செய்வது?

எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள், எதையும் நீங்களாகக் கூட்டாதீர்கள். குறிப்பாகக் கணைய நொதி மாத்திரை: உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10,000 லிப்பேஸ் அலகுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு, பெருங்குடல் சுருங்கிய பிள்ளைகளைக் கண்ட பிறகு வைத்தது. அறிக்கையை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கொடுங்கள். கொழுப்புச் சத்து பற்றிச் சந்தேகம் இருந்தால் அதற்கென்று நிலைபெற்ற சோதனைகள் உண்டு: மலத்தில் கணைய எலாஸ்டேஸ் (கணையம் வேலை செய்கிறதா என்று காட்டும் நொதி), ரத்தத்தில் வைட்டமின் ஏ, டி, ஈ, தேவைப்பட்டால் ரத்தக் கொழுப்பு அமில அளவு. எடையும் உயரமும் சரியாக ஏறி, எஃப்இவி1 நிலையாக இருந்து, இருமலும் சளியும் வழக்கம்போலவே இருந்தால் அந்த அறிக்கைக்காக இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாறாக, அறிக்கை "லேசானது" என்று சொல்லியிருந்தாலும், சளியின் நிறம் மாறி, பசி குறைந்து, படியேறும்போது பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.